அறுந்த ரிசீவர் ஆன்டெனாவைச் சரிசெய்வது எப்படி: மாதிரி விமானம் பறக்கவிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி அணையிலிருந்து காவேரிப்பட்டினம் செல்லும் வழியில், ராகி அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் நிலங்களில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிறோம். செம்மண் இளகியிருப்பதால் சக்கரமில்லாத ஃபோம் விமானம்கூட வயிற்றால் வழுக்கிச் சேதமின்றி இறங்கிவிடும். ஆனால் நிலத்தின் ஓரமெங்கும் சீமைக் கருவேலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் மாந்தோப்புகள். இறங்கும்போது கணக்குத் தவறி முள்ளுக்குள் புகுந்த விமானத்தை வெளியே இழுக்கும்போது, இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்கிறோமே தவிர, உடம்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய ஆன்டெனாக் கம்பி முள்ளில் சிக்கி நுனி அறுந்ததைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

எங்களோடு பறக்கவிடும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கவனித்தார். கவனித்து, கையில் கிடைத்த சாதாரண மின்கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கிச் சேர்த்து, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். கம்பி நீளமாக இருந்தால் சிக்னல் அதிகம் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அடுத்த வாரம் விமானம் எங்கள் தலைக்கு மேலே நன்றாகவே சுற்றியது. மாந்தோப்புக்கு மேலே போய் வால்பக்கத்தை எங்களுக்குக் காட்டித் திரும்பியபோது மோட்டார் நின்றது. மூன்றாம் வரிசை மரத்தடியிலிருந்து அதைப் பொறுக்கி வந்தோம். அன்று அவருக்கு நான் சொன்னவற்றை, அதன் பிறகு நானே பலமுறை செய்து தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து, இங்கே முறையாக எழுதுகிறேன்.

கம்பி முழுவதும் ஆன்டெனா அல்ல

நம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கட்டளைகளை விமானத்துக்குள் இருந்து வாங்கும் கருவிதான் ரிசீவர். இன்று நம்மிடம் இருக்கும் ரிசீவர்களில் மிகப் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த திறன் கருவிகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. இத்தகைய ரிசீவரிலிருந்து வெளியே வரும் 15 செ.மீ. அளவிலான கம்பியைப் பார்த்து அது முழுவதும் ஆன்டெனா என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன. அதன் பெரும்பகுதி கோஆக்சியல் கேபிள். சிக்னலைக் கொண்டுவரும் வாய்க்கால் மட்டுமே. கடைசி 31 மி.மீ. அளவுக்கு மெலிந்து, வெள்ளையாகவோ நிறமற்றோ தெரியும் நுனிதான் ஆன்டெனா.

இந்த அளவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பிறகு அதை மறக்க முடியாது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 29.98 கோடி மீட்டர் செல்கிறது; வானொலி அலையும் அதே வேகத்தில்தான் செல்கிறது. அந்த வேகத்தை அலைவரிசையின் நடுப்பகுதியான 2.44 கிகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் 122.9 மி.மீ. என்று வரும். அதில் நான்கில் ஒரு பங்கு 30.7 மி.மீ. இந்தக் கால் அலைநீளத்தில்தான் கம்பி அலையோடு ஒத்திசைகிறது. நுனியில் 1 மி.மீ. கூடினாலோ குறைந்தாலோ ஒத்திசைவு ஏறக்குறைய 80 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். நமது அலைவரிசையின் முழு அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். இவ்வளவு குட்டையான கம்பி ஓரளவு அகன்ற வரம்பில் வேலை செய்யும் என்பதால் அரை மி.மீ. பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, 1 மி.மீ. பிழையையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் 4 அல்லது 5 மி.மீ. பிழையை ஏற்கக் கூடாது. மாணவர் ஒரு சாண் சேர்த்தது சிக்னலைப் பெருக்கவில்லை. ஆன்டெனாவை வேறோர் அலைவரிசைக்கு உரியதாக்கிவிட்டது.

கேபிளின் அமைப்பையும் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் முடி போன்ற நடுக்கம்பி. அதைச் சுற்றி டெஃப்லான் வகை உள் உறை. அதன் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய கவசம். எல்லாவற்றுக்கும் மேலே வெளி உறை. கவசம் இருக்கும் வரை உள்ளே செல்லும் சிக்னல் வெளியே கசியாது, வெளியிலிருந்தும் நுழையாது. கவசம் முடியும் இடத்திலிருந்துதான் ஆன்டெனா தொடங்குகிறது. ஆகவே நாம் அளக்க வேண்டியது வெளி உறையின் விளிம்பிலிருந்து அல்ல, கவசத்தின் விளிம்பிலிருந்து.

எங்கே அறுந்திருக்கிறது

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். டெலிமெட்ரி (விமானத்திலிருந்து நம் டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பி வரும் தகவல்) அனுப்பும் ரிசீவர் தானும் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர்தான் என்பதால், ஆன்டெனா இல்லாத நிலையில் அதற்கு மின்சாரம் கொடுத்து வைத்திருப்பது நல்லதல்ல.

நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி அல்லது கைப்பேசிக் கேமராவின் பெரிதாக்கும் வசதியைக் கொண்டு, கம்பியை நுனி முதல் அடி வரை பாருங்கள். பெரும்பாலும் சேதம் நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: 31 மி.மீ. நுனிக்குள், கவசம் முடியும் இடத்தில், கேபிளின் நடுவில், ரிசீவரின் மின்சுற்றுப் பலகையோடு சேரும் இடத்தில். கவசம் முடியும் இடம் மிக ஏமாற்றக்கூடியது. அங்கே தடித்த கேபிள் திடீரென்று மெலிவதால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து, உள்ளே நடுக்கம்பி முறிந்திருக்கும். உள் உறை மட்டும் அறுபடாமல் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். விரல் நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் துவண்டு மடியும்.

மல்டிமீட்டரால் உறுதிசெய்யலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையுடன். பலகையில் இணைந்திருக்கும்போது நடுக்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே அளந்தால் சில ரிசீவர்களில் நேரடித் தொடர்பு இருப்பதாகக் காட்டும். நிலைமின்சாரத்திலிருந்து காப்பதற்காக அவ்வாறு அமைத்திருப்பார்கள், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். கேபிளைக் கழற்றிய பிறகு அளப்பதே நம்பத்தக்கது. அப்போது நடுக்கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்பு இருக்க வேண்டும். நடுக்கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே இருக்கவே கூடாது. இருந்தால் கவசத்தின் ஓர் இழை எங்கோ நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டு ஆன்டெனாக்கள் உள்ள ரிசீவரில் ஒன்று அறுந்தாலும் மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். இது வரமும் ஆகும், ஆபத்தும் ஆகும். விமானம் பறக்கும், சில திசைகளில் திரும்பும்போது மட்டும் சிக்னல் அறுபடும். காரணம் தெரியாமல் டிரான்ஸ்மிட்டரையோ, இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவையோ குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

மேசையில் இருக்க வேண்டியவை

கூர்மையான புதிய பிளேடு, சிறிய கத்தரி, இடுக்கி, மி.மீ. கோடுகள் தெளிவாக உள்ள எஃகு ஸ்கேல் அல்லது வெர்னியர், மல்டிமீட்டர், மெல்லிய நுனி கொண்ட சால்டரிங் அயர்ன், 0.5 மி.மீ. அளவிலான 60/40 சால்டர் ஈயம், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ரோசின் ஃப்ளக்ஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் மெல்லிய ஹீட்ஷ்ரிங்க் குழாய். இவற்றுள் ஃப்ளக்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். தகர வேலைக்குப் பயன்படும் அமில வகையைத் தொடவே வேண்டாம். சில மாதங்களில் அது மெல்லிய கம்பியை அரித்துவிடும்.

மாற்று ஆன்டெனா அல்லது கேபிள் தேவைப்பட்டால் இணையத்தில் வாங்கலாம். ஒசூரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு இருப்பதால், அங்குள்ள எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளுக்கு நேரில் போய்ப் பார்த்து வாங்குவதும் நம் மாவட்டத்தாருக்கு எளிது. இவற்றைவிட எளிதான வழி ஒன்று உண்டு. மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளில் ஒதுக்கிவைத்த பழைய கணினிகளின் திரை ஓரத்தில் வைஃபை ஆன்டெனாக் கேபிள்கள் இருக்கும். அவையும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற, 1.13 மி.மீ. தடிமன் கொண்ட கோஆக்சியல் கேபிள்கள்தாம். ஒரு முனையில் இணைப்பியும் இருக்கும். மறுமுனையை வெட்டி, கீழே சொல்லும் முறையில் நுனி எடுத்தால் நல்ல ரிசீவர் ஆன்டெனா கிடைத்துவிடும்.

நுனி அறுந்திருந்தால்

இதுவே மிக அதிகமாக நேரும் பழுது. இதைச் சரிசெய்ய ஈயமே தேவையில்லை. அறுந்த நுனியோடு எதையும் ஒட்ட முயலாமல், கேபிளில் சற்றுக் கீழே இறங்கி ஒரு புதிய நுனியை உருவாக்கிக்கொள்வதுதான் வழி. கேபிள் சில செ.மீ. குட்டையாவதால் இழப்பு இல்லை. இந்த மெல்லிய கேபிளில் 15 செ.மீ. நீளத்துக்கு ஆகும் சிக்னல் இழப்பே அரை டெசிபல் அளவுதான், நீளம் குறைந்தால் அதுவும் சற்றுக் குறையும். ஒரே நிபந்தனை: கவசத்தோடு கூடிய பகுதி குறைந்தது 5 செ.மீ. மிஞ்ச வேண்டும். இந்த வகை ஆன்டெனாவில் கவசத்தின் வெளிப்புறமும் மறுபாதியாக வேலை செய்கிறது என்பதால் அதை மிகவும் குறுக்கிவிடக் கூடாது.

முதலில், ரிசீவரில் நல்ல நிலையில் உள்ள மற்ற ஆன்டெனாவின் நுனியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் 30 மி.மீ. வைத்திருந்தால் நீங்களும் 30 வையுங்கள். கணக்கைவிட அந்த அளவே மேல், ஏனெனில் அந்தக் கேபிளின் உறைக்கு ஏற்ப அவர்கள் அளந்து தீர்மானித்தது அது. மற்றொன்று இல்லையென்றால் 31 மி.மீ. என்று கொள்ளுங்கள். நல்ல ஆன்டெனாவின் நுனிக்கு முன்னால் கேபிளின் மேல் சிறு உலோகக் குழாய் செருகப்பட்டிருந்தால், அது வேறு வகை அமைப்பு. அதை வீட்டில் உருவாக்க முயலாமல் முழு ஆன்டெனாவையும் மாற்றிவிடுவது நல்லது.

சேதமான பகுதியைத் தாண்டி, கேபிள் நன்றாக இருக்கும் இடத்தில் நேராக வெட்டுங்கள். வெட்டிய முனையிலிருந்து 35 மி.மீ. அளந்து பேனாவால் குறியுங்கள். மிகுதியாக விடும் 4 மி.மீ. கடைசியில் நறுக்குவதற்காக. முதலிலேயே சரியாக 31 வெட்டி, பிறகு கவசத்தின் விளிம்பு சற்று மேலே போனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

குறித்த இடத்தில் கேபிளை மேசைமேல் வைத்து, பிளேடை அழுத்தாமல் அதன்மேல் வைத்தபடி, விரலால் கேபிளை ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். வெளி உறையில் மெல்லிய கோடு விழுந்தால் போதும். பிறகு அந்த இடத்தில் மெல்ல வளைத்தால் உறை கோட்டின் வழியே பிளந்துகொள்ளும். இடுக்கியால் நுனிப்பக்கம் இழுத்தால் உருவி வந்துவிடும். இப்போது கவசம் தெரியும். அதைப் பிளேடால் வெட்டாதீர்கள். கீழே இருக்கும் உள் உறையில் பட்டால் நடுக்கம்பி காயப்படும், அந்தக் காயம் ஒரு மாதத்துக்குப் பிறகு பறக்கும்போது முறியும். கவசத்தை ஊசி முனையால் கோதி இழை இழையாகப் பிரித்து, பின்பக்கம் மடக்கி, வெளி உறையின் விளிம்பை ஒட்டிக் கத்தரியால் சுற்றிலும் நறுக்குங்கள். சில கேபிள்களில் கவசத்துக்குக் கீழே மெல்லிய உலோகத் தாள் இருக்கும். அதையும் அதே விளிம்பு வரை நீக்க வேண்டும்.

அடுத்ததாகப் பூதக்கண்ணாடி. விளிம்பில் ஒரே ஓர் இழைகூட நுனிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வேலையில் நான் மிக அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். அவ்வாறு செலவிட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. விளிம்பு சுத்தமான பிறகு, கவசத்தின் விளிம்பிலிருந்து 31 மி.மீ. அளந்து நுனியை நறுக்குங்கள். உள் உறையை உரிக்க வேண்டியதில்லை. அது அப்படியே இருக்க வேண்டும். நுனியின் வெட்டுமுகத்தில் நடுக்கம்பியின் இழைகள் விரிந்திருந்தால் சீராக்கிவிடுங்கள். கேபிள் தனியாகக் கழற்றப்பட்டிருந்தால் மல்டிமீட்டரை நுனியிலும் மறுமுனையிலும் வைத்துத் தொடர்பையும், கவசத்தோடு தொடர்பு இல்லாமையையும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, கவசம் முடியும் இடத்தின் மேல் 8 மி.மீ. அளவில் மெல்லிய ஹீட்ஷ்ரிங்க் துண்டு ஒன்றைப் பாதி வெளி உறை மீதும் பாதி நுனி மீதுமாகப் பொருத்திச் சுருக்குங்கள். அது வளைவை ஒரே புள்ளியில் விழாமல் பரப்பும். ஈரமும் உள்ளே போகாது. மார்கழி, தை மாதக் காலைகளில் நம் பக்கத்தில், அதிலும் தேன்கனிக்கோட்டை, ஒசூர்ப் பகுதிகளில் இறங்கும் பனி சாதாரணமானதல்ல. திறந்திருக்கும் கவசத்தின் இழைகள் வழியே ஈரம் ஏறிவிட்டால் கேபிளின் உள்ளே பச்சை பூத்துவிடும். நுனி முழுவதையும் தடித்த குழாயாலோ பசையாலோ மூடிவிடாதீர்கள். ஆன்டெனாவைச் சுற்றித் தடிமனான பொருள் சேர்ந்தால் அதன் ஒத்திசைவு கீழே இறங்கும்.

கேபிள் நடுவில் அறுந்திருந்தால்

ரிசீவர் பக்கம் 8.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் மிஞ்சியிருந்தால், அறுந்த இடத்திலிருந்து மேலே சொன்னபடியே புதிய நுனி எடுத்துக்கொள்ளலாம், நறுக்கும் மிகுதியோடு சேர்த்து 3.5 செ.மீ. நுனிக்கும் 5 செ.மீ. கேபிளுக்கும் அது போதும். அதற்கும் குறைவு என்றால் முழு ஆன்டெனாவையும் மாற்றுங்கள். இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஈயம் வைக்கலாமே என்று பலர் கேட்பதுண்டு. நடுக்கம்பியோடு நடுக்கம்பியும் கவசத்தோடு கவசமும் சேர்ந்தாலும், அவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளியும் உறையும் பழைய அளவில் அமைவதில்லை. கேபிள் நெடுகச் சீராக இருக்க வேண்டிய 50 ஓம் மின்மறுப்பு அந்த இடத்தில் முறிந்து, சிக்னலின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. மல்டிமீட்டர் இதைக் காட்டாது, அதனால்தான் இது ஆபத்து. புதிய ஆன்டெனாவின் விலை ஒரு விமானத்தின் விலைக்கு முன்னால் மிகச் சிறியது.

இணைப்பி கழன்றிருந்தால்

பல ரிசீவர்களில் கேபிள் பலகையோடு சிறிய அழுத்து இணைப்பியால் சேர்ந்திருக்கும். பழைய வகைக்கு யூ.எஃப்.எல். அல்லது ஐபெக்ஸ்-1 என்று பெயர். புதிய சிறிய ரிசீவர்களில் அதைவிடச் சிறிய ஐபெக்ஸ்-4 இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. அழுத்திப் பொருத்த முயன்றால் பலகையில் உள்ள பகுதி நசுங்கிவிடும், பிறகு சரியானது கிடைத்தாலும் பயனில்லை.

பொருத்தும்போது நேர் மேலே வைத்து, தட்டையான பிளாஸ்டிக் கருவியாலோ விரல் நகத்தாலோ செங்குத்தாக அழுத்துங்கள். மெல்லிய சொடுக்குப் போல உணர முடியும். கழற்றும்போதும் நேர் மேலே தூக்க வேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. யூ.எஃப்.எல். இணைப்பிகள் ஏறத்தாழ 30 முறை மட்டுமே கழற்றி மாட்டத் தக்கவையாக வடிவமைக்கப்பட்டவை. தளர்ந்துபோனதை நசுக்கி இறுக்குவது தற்காலிக வேலைதான்.

அதிர்வில் கழலாமல் இருக்க, மாட்டிய பிறகு ஒரு துளி ஹாட் குளூ அல்லது புளிப்பு வாசனை வராத சிலிக்கோன் வைக்கலாம். வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் செம்பை அரிக்கும். விரைவுப் பசையோ நீர்போல ஓடி இணைப்பிக்குள் புகுந்து, உலோகமும் உலோகமும் தொடாதபடி படலம் போட்டுவிடும். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பலகையில் ஈயம் வைத்த ஆன்டெனா

ரிசீவரின் பெட்டியைத் திறந்து, பழைய கேபிள் எந்தத் திட்டில் (ஈயம் வைக்கும் செம்புப் பரப்பில்) எப்படி உட்கார்ந்திருந்தது என்று முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பிக்கு ஒரு சிறு திட்டு, கவசத்துக்கு அருகில் பெரிய தரைத் திட்டு. புதிய கேபிளின் முனையில் கவசத்தை ஒரு பக்கமாகச் சேர்த்து முறுக்கி, நடுக்கம்பியை 2 மி.மீ. மட்டும் வெளியே எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே ஈயம் பூசிக்கொள்ளுங்கள். கவசம் இல்லாமல் வெளியே தெரியும் நடுக்கம்பி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அயர்னை 350 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, முதலில் தரைத் திட்டிலும் பிறகு நடுத்திட்டிலும் இரண்டிரண்டு நொடிகளில் வேலையை முடியுங்கள். அதற்கு மேல் சூட்டை வைத்திருந்தால் திட்டே பலகையை விட்டு உரிந்துவிடும். டெஃப்லான் உறை அயர்ன் பட்டு எளிதில் உருகாது என்றாலும், கருகும்படி சுட்டால் வெளிவரும் புகை கெடுதலானது. சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைத் துடைத்தபின், நடுத்திட்டுக்கும் தரைக்கும் இடையே ஈயப் பாலம் ஏதும் இல்லையே என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

இந்த வேலை கைக்கு எட்டாது என்று தோன்றினால் தயங்காமல் நல்ல கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மைக்ரோஸ்கோப்பும் சுடுகாற்றுக் கருவியும் வைத்து இதைவிட நுண்ணிய வேலைகளை நாள்தோறும் செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கேபிளின் நுனியை மட்டும் அவர்கள் வெட்டிவிடாதபடி 31 மி.மீ. விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திட்டும் அதோடு சேர்ந்த செம்புத் தடமும் பிய்ந்துபோயிருந்தால் அந்த ரிசீவரைப் பறக்கும் பணியிலிருந்து விலக்கி, மேசையில் சர்வோ சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்களை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அவற்றில் தொங்கும் ஒரு மீட்டர் அளவிலான ஒற்றைக் கம்பி முழுவதும் ஆன்டெனாதான். அங்கே நிலைமை நேரெதிர். அறுந்த இடத்தில் சேர்த்து ஈயம் வைத்து ஹீட்ஷ்ரிங்க் போடலாம், தவறில்லை. ஆனால் மொத்த நீளம் பழைய நீளமாகவே இருக்க வேண்டும். மிஞ்சியதைச் சுருட்டி உள்ளே வைப்பதும் வெட்டிவிடுவதும் கூடாது.

விமானத்துக்குள் பொருத்துதல்

சரிசெய்த ஆன்டெனாவைப் பழையபடி முள்ளில் சிக்கும் இடத்தில் விட்டால் செய்த வேலை வீண். ஒவ்வொரு நுனியையும் குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் நுழைத்து, ஃபோமில் பள்ளம் வெட்டி அதற்குள் படுக்கவைப்பது என் வழக்கம். ஃபோமும் தெர்மாகோலும் அலையைத் தடுப்பதில்லை. கார்பன் ஃபைபர் தடுக்கும். ஆகவே இறக்கைக்குள் கார்பன் குழாய் இருந்தால் நுனி அதற்கு இணையாகப் பக்கத்தில் படுக்கக் கூடாது. பேட்டரி, மோட்டார்க் கம்பிகள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. ஆகியவற்றிலிருந்தும் சில செ.மீ. தள்ளி இருக்கட்டும். கவசமுள்ள கேபிள் எதை ஒட்டிப் போனாலும் பெரிதாகக் கெடுதலில்லை, நுனிதான் தனித்து நிற்க வேண்டும். கேபிளை மடிக்காமல், சுண்டுவிரல் தடிமனுக்குக் குறையாத வளைவோடு கொண்டுபோங்கள்.

இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பது கட்டாயம். நேரான கம்பி ஆன்டெனா தன் பக்கவாட்டுத் திசைகளில் நன்றாகவும், நுனி சுட்டும் திசையில் மிகக் குறைவாகவும் வாங்கும். ஒரு நுனி உங்களை நேராகச் சுட்டும் தருணத்தில் மற்றொன்று பக்கவாட்டில் இருந்தால் சிக்னல் அறுபடாது. மாணவரின் விமானம் மாந்தோப்புக்கு மேல் திரும்பியபோது நடந்தது இதுதான்: நல்ல ஆன்டெனாவின் நுனி எங்களை நோக்கி நின்றது, மற்றதோ பெயருக்குத்தான் இருந்தது.

தரைச் சோதனை

ஆன்டெனாவைப் பொருத்தியதோடு பழுதுபார்ப்பு முடியவில்லை. சோதனை தரும் எண்கள் சரியாக வந்த பிறகுதான் முடிகிறது. மின்மாற்றி, உயர் அழுத்த மின்கம்பி, வைஃபை ஆகியவை அருகில் இல்லாத திறந்த வெளியைத் தேர்ந்தெடுங்கள். விமானத்தைத் தரையிலும் இரும்புக் கட்டிலிலும் வைக்காமல், மர ஸ்டூல் மேல் ஒரு மீட்டர் உயரத்தில் வையுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரைத் திறன் குறைத்த ரேஞ்ச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவை எப்போதும் ஒரே நிலையில், உங்கள் உடம்பு குறுக்கே வராதபடி பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள்.

பொதுவான அளவுகோல் 30 தப்படி, அதாவது சுமார் 28 மீட்டர். அந்தத் தூரத்தில் எல்லாச் சர்வோக்களும் தயக்கமின்றி இயங்க வேண்டும். நண்பர் ஒருவர் விமானத்தை நான்கு திசைகளிலும் திருப்பி வைக்க, டெலிமெட்ரி வசதி இருந்தால் 10, 20, 30 தப்படிகளில் சிக்னல் வலிமையைக் காட்டும் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பழுதாகாத நாளிலேயே இந்த எண்களை எழுதி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒப்பிட ஆதாரம் இருக்கும். எண் டெசிபல் அளவில் இருந்தால், 6 டெசிபல் குறைவது என்பது எட்டும் தூரம் பாதியாவது. 20 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இரட்டை ஆன்டெனா ரிசீவரில் நல்லது கெட்டதை மறைத்துவிடும் என்றேன் அல்லவா? அதற்காக, நல்ல ஆன்டெனாவின் நுனியைச் சமையலறை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றி மூடிவிட்டு ஒருமுறையும், தாளை மாற்றிச் சரிசெய்ததன் மேல் சுற்றி ஒருமுறையும் அதே தூரத்தில் அளங்கள். இரண்டு எண்களும் அருகருகே வந்தால் உங்கள் வேலை சரி. சரிசெய்த பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் கவசத்தின் விளிம்பையும் நுனியின் நீளத்தையும் மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஓர் இழைதான். சோதனை முடிந்ததும் தாளை எடுத்துவிட மறவாதீர்கள்.

அடுத்து, புரொப்பெல்லர் இல்லாத நிலையில் மோட்டாரைக் கால்பங்கு ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு நொடிகளில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், சிக்னல் அறுபடும்போது மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃபெயில்சேஃப் அமைப்பை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு புரொப்பெல்லரை மாட்டி, ஒருவர் பின்னாலிருந்து விமானத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள, மோட்டார் ஓடும் நிலையில் 30 தப்படிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மோட்டாரின் மின் இரைச்சல் ஆன்டெனாவைத் தொல்லை செய்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் பறப்பு

ஒசூர்ப் பக்கம் பறக்கவிடுவோர், பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதை நினைவில் வைத்து, அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வான்வெளி வரைபடத்தில் தங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். சரிசெய்த பிறகு முதன்முறை பறக்கும்போது தனியாகப் போக வேண்டாம். ஒருவர் விமானத்தையும் மற்றவர் சிக்னல் எண்ணையும் பார்க்க வேண்டும். ஓபன்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர்களில் ஆர்.எஸ்.எஸ்.ஐ. எச்சரிக்கை வழக்கமாக 45இல் ஒலிக்கும், 42இல் அவசர எச்சரிக்கை வரும். அதைக் குரலாகக் கேட்கும்படி வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் 100 மீட்டருக்குள், தோப்புப் பக்கம் போகாமல், இடமும் வலமுமாக எட்டு வடிவில் சுற்றுங்கள். வால், மூக்கு, இரு இறக்கைகள் என்று விமானத்தின் எல்லாப் பக்கங்களும் உங்களை நோக்கித் திரும்பும்போது எண் எவ்வளவு தாழ்கிறது என்று நண்பர் வாசித்துக்கொண்டே வரட்டும். ஒரு திசையில் மட்டும் திடீரென்று விழுந்தால் இறக்கிவிட்டு நுனிகளின் கோணத்தை மாற்றுங்கள். எண்கள் சீராக இருந்தால் அடுத்த பறப்பில் தூரத்தை இருமடங்காக்கலாம். இறங்கியதும் மூடியைத் திறந்து, ஸ்ட்ராவுக்குள் நுனி நகர்ந்திருக்கிறதா, இணைப்பி மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரிசெய்த தேதியையும் 30 தப்படி எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதி ரிசீவர் மேல் ஒட்டிவிடுங்கள்.